பேர் போடாத சேதி

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், மலை முதுகுக்குப் பின்னால் மறைந்து உப்புக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்குகிற வளைவில் ஒரு மெஸ் இருக்கிறது. அந்த ரோட்டில் மீன் சாப்பாடு போட்ட மெஸ் அந்தக் காலத்தில் அது ஒன்றுதான். அதைக் கட்டியவர் உலகநாதன். கட்டியவர் என்றால் கொத்தனாரை வைத்துவிட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் என்று நினைக்க வேண்டாம். கல் சுமந்தது அவர், கலவை போட்டது அவர், தகரத்தில் ஆணி அடித்தது அவர். விரல் நசுங்கியதும் அவருக்குத்தான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பாகம் பிரித்தபோது அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் போனது, இவருக்கு உவர் மண் வந்தது. அதில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். யாரிடமும் போய் நிற்கவில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் எச்சில் இலை எடுத்தார், பிறகு அதே ஓட்டலில் கரண்டி பிடித்தார். தொண்ணூற்று மூன்றில் இந்த வளைவில் தள்ளுவண்டி போட்டார். தொண்ணூற்றெட்டில் அந்த வண்டி நின்ற இடத்தில் சுவர் நின்றது. படித்த பையன்கள் எல்லாம் வேலை தேடி கூடுவாஞ்சேரி ரயிலில் தொங்கிக்கொண்டு போன நாளில், இவர் நாலு பேருக்கு வேலை கொடுத்தார். இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். சொன்னால் என்ன தப்பு? பொய்யா சொல்கிறார்?

மலை ஏறிவிட்டு வருகிறவர்களுக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு, சைவம். கடலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குச் சங்கரா குழம்பு, வஞ்சிரம் வறுவல், நெத்திலி. இரண்டு சட்டிக் கரண்டியும் ஒன்றையொன்று தொட்டதில்லை. மனைவி எல்லம்மாள் மசாலா அரைத்தால் மாமல்லபுரத்து பஸ் டிரைவர்கள் அந்த வளைவில் தானாக பிரேக் போடுவார்கள். மீன் கொண்டுவருகிறவர் சாலமோன். கடற்கரைக் குப்பத்துக்காரர். தள்ளுவண்டி காலத்திலிருந்தே அவர் மீன் இவருக்குத்தான், அவர் கைமாற்றுக்கு வந்து நிற்பதும் இவரிடம்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எந்த வகையில் மச்சான் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து நாலு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, கடல் ஊருக்குள் வந்தது.

அன்றைக்கு அந்த மெஸ்ஸில் அடுப்பு அணையவில்லை. குப்பத்திலிருந்து ஓடிவந்தவர்கள், குழந்தையைத் தொலைத்தவர்கள், துணி நனைந்து நின்றவர்கள் எல்லாருக்கும் சாம்பார் சாதம் போனது. சாலமோனின் தம்பி கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவன், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. சாலமோன் கரையோரமாகத் தேடித்தேடி நடந்தார். பிறகு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் எழுந்து, அடுத்தவர் கட்டுமரத்தில் ஆளாகச் சேர்ந்து கடலுக்குப் போனார். வேறு என்ன தெரியும் அவருக்கு?

அந்த மாதம் ஜனங்கள் மீனைத் தொடப் பயந்தார்கள். அது உலகநாதனுக்கும் புரிந்தது. சாவு நடந்த வீட்டில் கொஞ்ச நாள் வாய் கசக்கத்தானே செய்யும். பொங்கல் நெருங்க நெருங்கப் பயம் கரைந்தது. பஸ் டிரைவர்கள் திரும்பி வந்தார்கள். காணும் பொங்கலுக்கு வேனும் டெம்போவுமாகக் கடல் பார்க்க வருகிற கூட்டம் அந்த வருஷம் பாதி வந்தாலும் போதும், மெஸ் நிமிர்ந்துவிடும், குப்பத்தில் சாலமோன் வீட்டிலும் உலை கொதிக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் உள்ளூர் கேபிள் டிவியில் அது ஓடியது.

கேபிள் டிவியில் படத்துக்கு அடியில் ஒரு வரி எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பிறந்தநாள் வாழ்த்து, புடவைக்கடை தள்ளுபடி, தொலைந்துபோன மாடு, வீடு வாடகைக்கு. பஜாரில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் கேபிள் ஆபீஸ். படி ஏறிப் போய் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காசோடு தட்டில் வைத்தால் போதும். அங்கே இருக்கிற கல்யாணி அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். சாயங்காலம் ஊர் முழுக்க ஓடும். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று எவரும் கேட்டதில்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த எழுத்தைப் படிக்காத வீடு கிடையாது. சீரியலில் கதாநாயகி அழுகிறபோதுகூடப் பாதிக் கண் அடியில்தான் இருக்கும்.

பிறந்தநாள் வாழ்த்துக்கும் புடவைக்கடைக்கும் நடுவில் ஓடியது இதுதான்: ‘உஷார்! திருக்கழுக்குன்றம் - மாமல்லபுரம் ரோடு மீன் மெஸ்ஸில் மீன் வயிற்றில் மோதிரத்துடன் மனித விரல். சாப்பிட்டவர் ஆஸ்பத்திரியில். பொதுமக்கள் கவனம்.’

காணும் பொங்கலன்று வேன்கள் வந்தன. வளைவில் வேகம் கூட்டிப் போயின. ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் மெஸ்ஸைக் கைகாட்டிக் காட்டிப் போனார்கள். ஒரு டெம்போவிலிருந்து ஒருத்தன் எட்டித் துப்பினான். எல்லம்மாள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். உள்ளே வஞ்சிரம் வறுத்து அடுக்கியபடி இருந்தது, குழம்பு ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது எல்லாம் பின்பக்கத்துக் குழிக்குப் போனது.

சாலமோன் வந்து குழியைப் பார்த்தார். அதன் ஓரத்தில் குந்தினார்.

“மச்சான்,” என்றார். “அது எந்த மீனுன்னு டிவில போட்டானா?”

“இன்னா கேக்கிற நீ?”

“இல்ல, நான் புட்ச்சாந்த மீனுதான? அந்த வெரலு யாரு வெரலுன்னு கேக்கிறேன். என் தம்பி மோதரம் போட்டுக்கினு இருந்தான். கல்யாணத்துக்கு எங்கம்மா போட்டது.” அவர் குரல் உடையவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “நான் அவனத் தேடித் தேடி காலு வீங்கிப் போய்க் கீறேன். இவனுங்க அவன எடுத்துக் கொழம்புல போட்டுட்டானுங்களே மச்சான்.”

உலகநாதன் கோபக்காரர், ஊருக்கே தெரியும். கரண்டியைத் தூக்கி எறிவார், கத்துவார், அரை மணியில் சிரிப்பார். அன்றைக்கு அவர் எதையும் எறியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார்.

கேபிள் ஆபீஸ்காரன் பெயர் வேதகிரி. நல்ல குடும்பத்துப் பையன், பி.எஸ்சி. படித்தவன். மலைமேல் இருக்கிற சாமி பெயரை வைத்தார்கள், அவன் கூரைமேல் டிஷ் வைத்தான். உலகநாதனைக் கண்டதும் நாற்காலி இழுத்துப் போட்டான்.

“ஒக்காரு அண்ணாத்த. டீ சொல்லட்டா?”

“டீ இருக்கட்டும். அந்தச் சீட்டு குடுத்தவன் எவன்?”

“அதெல்லாம் நான் எப்டி சொல்றது? ஒயரு இழுக்கிறதுதான் என் வேல. ஒயருக்குள்ள இன்னா போவுதுன்னு ஒயருக்குத் தெரியுமா?”

“ஒயருக்குத் தெரியாது. உனக்குக் கண்ணு இல்லியா?”

“கோச்சிக்காத அண்ணாத்த. நல்லா யோசி.” வேதகிரி நிதானமாகத்தான் பேசினான். “போன கோடைல குடிதண்ணித் தொட்டில கொரங்கு செத்து மிதக்குதுன்னு ஒருத்தன் சீட்டு வெச்சான். பேர் போடல. போட முடியுமா? தொட்டி பாக்குற ஆளு மெம்பரோட சொந்தம், வூடு பூந்து அடிப்பாங்க. நான் ஓட்டுனேன். மறுநாளே தொட்டியக் கழுவுனாங்க. அன்னிக்கு நீயே இந்த படிக்கட்டுல வந்து ‘சபாஷ்டா’ன்னு சொல்லிட்டுப் போன. சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“அன்னிக்கு எவன் குடுத்தான்னு கேட்டியா?”

உலகநாதன் தட்டில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார்.

“இன்னிக்கு நீ வந்து இது பொய், ஏன் ஓட்டுனன்னு கேக்கிற. நாளைக்கு மெம்பரு வந்து கொரங்கு பொய், ஏன் ஓட்டுனன்னு கேப்பாரு. எது நெசம் எது பொய்னு பாத்து ஓட்ட நான் இன்னா ஜட்ஜா? உனக்கு ஓணும்னா நீயும் ஒரு சீட்டு வெய்யி. உன்னுதயும் ஓட்டுறேன். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.”

படி இறங்கும்போது உலகநாதனுக்குக் காது எரிந்தது. அவன் சொன்னதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. கை வைத்துத் தடவினால் தெரிகிறது, கண்ணுக்கு அகப்படவில்லை. தெருவில் நின்று யோசித்தார். திரும்ப மேலே போனார். ஒரு சீட்டு எழுதித் தட்டில் வைத்தார். இங்கேதான் அவர் சறுக்கினார்.

‘எங்கள் மெஸ்ஸில் மீன் வயிற்றில் மனித விரல் இருந்ததாக வந்த செய்தி முற்றிலும் பொய். விரல் கிடையாது, மோதிரம் கிடையாது. நம்பிக்கையுடன் வாரீர். இப்படிக்கு, உலகநாதன் மீன் மெஸ்.’ ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் காசு கட்டினார். செய்வதைத் திருந்தச் செய்கிறவர் அல்லவா!

முதல் செய்தி ஓடியது ஒரு நாள். அதைப் பாதிப்பேர் பார்க்கவில்லை, போகி வேலையில் இருந்தார்கள். இவருடைய மறுப்பு காலையும் மாலையும் ஒரு வாரம் ஓடியது. பார்க்காதவன் எல்லாரும் பார்த்தான். ‘இன்னாது, வெரலா? எந்த மெஸ்ஸு?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்டவன் செங்கல்பட்டு மச்சினிக்குப் போன் போட்டான். அவள் ஊரப்பாக்கத்துச் சின்னம்மாவுக்குச் சொன்னாள். அந்த வார முடிவில் பஸ்ஸில் வந்த ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடி, “அண்ணே, கெடச்சது ஒரு வெரலா, மூணு வெரலா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏன்யா, திருடன் வரலன்னு நீயே ஊரு பூரா தமுக்கு அடிச்சா, திருடன் வந்தான்னுதான நெனப்பான்? தெரியாதவனுக்கும் நீயே துட்டு குடுத்து சொல்லிக் குட்த்துட்டியே!”

“சும்மா இருடி.”

“நான் சும்மாதான் கீறேன். அடுப்பும் சும்மாதான் கீது. மீன் சட்டிய எடுத்து வெச்சிட்டு சைவ மெஸ்ஸுனு போர்டு மாத்துய்யா. மலைக்கு வர்ற ஜனம் போதும் நமக்கு.”

“போர்ட மாத்துனா அந்த வெரலு நெசம்னு ஆயிடும். சாலமோன் இன்னா பண்ணுவான்? அவன் தம்பிய நானும் சேந்து கொழம்புல போட்டவன் ஆயிடுவேன். மாசி முடியட்டும். அதுவரிக்கும் ஒரு ஆளும் மீன் துன்ன வரலேன்னா மெஸ்ஸ இழுத்து மூடிட்டு மறுபடியும் எச்சில் எல எடுக்கிறேன். போர்ட மாத்த மாட்டேன்.”

வாயால் இதைச் சொன்னார். மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டது. தமுக்கு என்றாளே, அதில். இவர் சின்ன வயசில் ஊரில் தண்டோரா போட வருவார்கள். ஏரி மதகு திறக்கிறதா, வரி கட்ட வேண்டுமா, எதுவானாலும் தெருமுனையில் நின்று அடிப்பார்கள். அடித்த கையோடு முதலில் சொல்வது சேதி இல்லை. ‘தாசில்தார் உத்தரவு’, ‘பஞ்சாயத்து உத்தரவு’ என்று சொன்னவர் யார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சேதியைச் சொல்வார்கள். பிடிக்கவில்லை என்றால் ஜனங்கள் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. இந்த வேதகிரி தமுக்கை மட்டும் வைத்துக்கொண்டான், உத்தரவு யாருடையது என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டான். அந்த நினைப்பு வந்த பிறகுதான் உலகநாதனுக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேதகிரி செங்கல்பட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாடி ஏறினார். சாலமோனையும் கூடக் கூட்டிக்கொண்டார். கல்யாணி மட்டும் இருந்தாள். தன் கோணல் கையெழுத்தில் எழுதிய சீட்டைத் தட்டில் வைத்தார்.

“படிச்சுப் பாரும்மா.”

“படிக்கிறதுக்கெல்லாம் எனக்கு ஏதுண்ணே நேரம்? ‘நீ படிக்காத, அடி’ன்னுதான் சார் சொல்லிக்கிறாரு.”

“அப்ப அடி. ஆனா கடைசி வரிய வுட்டுடாத. என் பேரு கீது பாரு, அதையும் சேத்து அடி.”

இரண்டு பேரும் இறங்கி எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீக்கடை டிவியில் மத்தியான சீரியல் ஓடியது. அதற்கு அடியில் எழுத்து வந்தது: ‘உஷார்! கேபிள் ஒயரில் கரண்ட் இறங்குகிறது. உடனே டிவியிலிருந்து கேபிள் ஒயரைப் பிடுங்கி வைக்கவும். இப்படிக்கு, உலகநாதன், மீன் மெஸ்.’

கேபிள் ஒயர் கரண்டுக் கம்பத்தில்தான் கட்டியிருக்கும், காற்றடித்தால் உரசும். எல்லாரும் தினம் பார்க்கிறதுதான். அது போதாதா? டீக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒயரைப் பிடுங்கினார். திரை புள்ளி புள்ளியாகப் போனது. பக்கத்து வீட்டில் ஒரு பெண், “ஐயோ, கொயந்தய நகத்து!” என்று கத்தினாள். தெரு நீளத்துக்கும் டிவிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மாடியில் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து திரும்பிய வேதகிரி வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடியதைச் சாலமோன் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் உதடு கொஞ்சம் கோணியது. அவன் ஏறிய வேகத்தில் எழுத்து நின்றுவிட்டது. நின்றதைப் பார்க்கத்தான் யார் வீட்டிலும் ஒயர் இல்லை.

உலகநாதனும் படி ஏறினார். பின்னாலேயே பாதித் தெரு ஏறியது.

“இன்னா அண்ணாத்த, மூளை கீதா உனக்கு?” வேதகிரிக்கு மூச்சு வாங்கியது. “ஊரே ஒயரப் புடுங்கிட்டாங்க! என் தொழிலு போச்சு! போலீசுக்குப் போவேன்!”

“போ. என் பேரு போட்டுக்கிறேன், ஊரு போட்டுக்கிறேன். புட்ச்சி உள்ள வெய்யி. ஆமா, ஓடுன எழுத்த இப்ப எப்டி நிறுத்துன?”

“எப்டி நிறுத்துனேன்னா? எடுத்துட்டேன்!”

“உன்னால முடியுமா? ஒயருக்குத் தெரியாதுன்னியே. நீ ஜட்ஜு இல்லன்னியே. உன் பொழப்புல வுழுந்தா ஜட்ஜு வந்துடுறாரா? என் பொழப்புல வுழுந்தா அவருக்கு லீவா?”

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். வேதகிரி முகம் சிவந்தது. ஆனால் அவன் லேசில் விடுகிறவன் இல்லை. “அப்ப கொரங்கு சேதியும் நான் போட்டிருக்கக் கூடாதா? அதுக்குச் சொல்லு பதிலு!”

இந்தக் கேள்வியைத்தான் உலகநாதன் அத்தனை நாளாக மென்றுகொண்டிருந்தார்.

“அந்தச் சீட்டு வந்தப்ப நீ இன்னா பண்ண? கேமராவத் தூக்கிக்கினு போயி தொட்டி மேல ஏறுன. நானே பாத்தேன். கொரங்கப் பாத்துட்டுத்தான் ஓட்டுன. குடுத்தவன் பேர ஊருக்குச் சொல்லல, சரி, ஆனா அவன் யாருன்னு உனக்குத் தெரியும். தொட்டி மேல ஏறுனவன் என் மெஸ்ஸுக்கு ஏன்டா வர்ல? இங்கருந்து சைக்கிள்ல வர்ற தூரம். வந்து சட்டியத் தொறந்து பாத்தியா? எந்த ஆஸ்பத்திரி, எந்த பெட்டுன்னு கேட்டியா? கேக்கல. வெரலுன்னா ஜனம் பாக்கும், அதான் ஓட்டுன.”

“சீட்டு வந்துது, ஓட்டுனேன். அவ்ளோதான்!”

அப்போது கல்யாணி வாயைத் திறந்தாள். அவளைப் பெண்கள் நாலு பேர் ஏற்கனவே பிடித்துக்கொண்டிருந்தார்கள், ‘கண்ணு தெரியாமயா அடிக்கிற’ என்று. அழுகையும் ஆத்திரமுமாக அவள் கத்தினாள்: “எம்மேல ஏன் பாயறீங்க? அந்த வெரலுக்குச் சீட்டே கெடையாது! சார்தான் போன்ல வந்த மெசேஜப் பாத்து சொன்னாரு, நான் அடிச்சேன்!”

கூட்டம் மொத்தமும் வேதகிரி பக்கம் திரும்பியது.

விஷயம் இதுதான். கூடுவாஞ்சேரியிலிருந்து வேதகிரியின் சிநேகிதன் ஒருத்தன் போனில் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். எங்கேயோ ஒரு கடற்கரையில், ஏதோ ஓர் ஓட்டலில், மீன் வயிற்றில் விரல் என்று. ஊர் கிடையாது, பெயர் கிடையாது. அவனுக்கும் எவனோ அனுப்பியதுதான். ஊர் பெயர் இல்லாமல் போட்டால் நம் ஜனம் பார்க்காது என்று வேதகிரிதான் ‘திருக்கழுக்குன்றம் - மாமல்லபுரம் ரோடு’ என்று சேர்த்திருக்கிறான். அந்த ரோட்டில் மீன் மெஸ் ஒன்றே ஒன்றுதான் என்பது அடிக்கும்போது அவன் புத்தியில் ஏறவில்லையாம். அப்படித்தான் சொன்னான். ஒயருக்குள் என்ன போகிறது என்று தெரியாதவன், ஒயருக்குள் தானே கையை விட்டு எழுதியிருக்கிறான்!

உலகநாதன் அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். பிடித்தவர் சாலமோன்.

“வேணாம் மச்சான்.” பிறகு அவர் வேதகிரி பக்கம் திரும்பினார். “ஏன் நைனா, மோதரம்னு எதுக்குச் சேத்த? அதுவும் மெசேஜ்ல இருந்துதா, இல்ல நீயே போட்டுக்கினதா?”

வேதகிரி தரையைப் பார்த்தான். அது யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது.

இந்த நேரத்தில் கூட்டத்தை இடித்துக்கொண்டு சின்னப்பொண்ணு வந்தாள். பூக்கடைக்காரி, பஜாரே அவள் வாய்க்கு ஒதுங்கும். “யாருய்யா இங்க உலகநாதன்? மீன் மெஸ்ஸு! உன் பேச்சக் கேட்டு ஒயரப் புடுங்குனேன், டிவிப் பொட்டியே ஸ்டாண்டோட வுழுந்து செதறிப் போச்சு! கரண்டும் இல்ல, ஒரு கருமாந்தரமும் இல்லன்னு கீழ சொல்றானுங்க. எவன் குடுப்பான் எனக்கு டிவி?”

“நான் குடுக்கிறேன்,” என்றார் உலகநாதன். “பொய் சொன்னது நான்தான். என் பேரப் பாத்துட்டு நேரா என்கிட்ட வந்துட்ட பாரு, அதான் கணக்கு.” வேதகிரியைப் பார்த்தார். “இவங்களுக்குத் தேடி வர ஆளு கெடச்சிது. நான் எவன் வூட்டு வாசல்ல போய் நிக்கிறதுன்னு தெரியாம ரெண்டு வாரம் நாயா அலைஞ்சேன்.”

“தத்துவமெல்லாம் அப்பறம் பேசு, கலர் டிவியா வாங்கு,” என்றாள் சின்னப்பொண்ணு. அவளுடையது கறுப்பு வெள்ளை என்பது தெருவுக்கே தெரியும். உலகநாதன் கலர் டிவிதான் வாங்கிக் கொடுத்தார். கை நீட்டிச் சொன்ன சொல்லைத் திருப்பி மடிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

மறுநாள் எழுத்து ஓடியது: ‘மீன் மெஸ் பற்றி வந்த தவறான செய்திக்கு வருந்துகிறோம்.’ உலகநாதன் மறுபடியும் படி ஏறினார்.

“வருந்துறது யாரு?”

“நாங்கதான் அண்ணாத்த.”

“நாங்கன்னா? நீயும் ஒயரும் கம்பமுமா? உன் பேரப் போடு. நீ எழுதினதுன்னு போடு. இல்லேன்னா நாளைக்கும் ஒரு சீட்டு வெப்பேன், என் பேரோட.”

இரண்டு நாள் வேதகிரி முறைத்துக்கொண்டு கிடந்தான். இன்னும் ஒயரைத் தொடப் பயந்த வீடுகள் திரும்பச் சொருகக் கூப்பிட்டும் ஆள் அனுப்பவில்லை. கடைசியில் போட்டான். ‘விரல் செய்தி நான் விசாரிக்காமல் எழுதியது. அது பொய். இப்படிக்கு, வேதகிரி.’ அதற்குப் பிறகு அந்தத் தட்டில் பெயரும் தெருவும் இல்லாத சீட்டைக் கல்யாணி எடுப்பதில்லை. படிக்காமல் அடிப்பதும் இல்லை. பெயரை வெளியே போடாதே என்று யாராவது கேட்டால் போடமாட்டார்கள். ஆனால் வேதகிரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவான். முதலில் முனகிக்கொண்டு போனான், பிறகு பழகிவிட்டது.

வேதகிரி மெஸ்ஸுக்கு வந்து மீன் சாப்பிட்டு ஊருக்கு நிரூபித்தானா என்று கேட்பார்கள். இல்லை. அவன் சைவம். தின்னாத மீனைப் பற்றித்தான் அத்தனையும் எழுதினான்.

மாசி முடிவதற்குள் பஸ் டிரைவர்கள் வந்தார்கள். பிறகு லாரிக்காரர்கள். குடும்பங்கள் வர அடுத்த பொங்கல் ஆனது. சில பேர் வரவே இல்லை. பொய்தான் என்று தெரிந்தும் தட்டில் மீனைப் பார்த்தால் விரல் ஞாபகம் வருகிறது என்றார்கள். உண்மைக்கு இவ்வளவுதான் பலம், பொய்க்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் உலகநாதன் பல்லைக் கடிப்பார். போர்டை மட்டும் அவர் மாற்றவில்லை. சாலமோனின் மீன் கூடையும் நிற்கவில்லை.

நாலு வருஷம் போனது. இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு நாள் காலை, வனத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்து மெஸ்ஸின் சட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். ஆமைக்கறியை ஆட்டுக்கறி என்று போடுவதாகக் கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது என்றார்கள். இங்கே ஆட்டுக்கறியே போடுவதில்லை என்று எல்லம்மாள் காட்டினாள். பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் சனி ஞாயிறு காரில் வருகிற கூட்டம் அந்த வாரம் நிற்காமல் போனது.

உலகநாதன் பஸ் ஏறி கூடுவாஞ்சேரிக்குப் போனார். அங்கே மகள் ஜோதிலட்சுமி கல்யாணமாகிக் குடித்தனம் இருக்கிறாள், ஊரப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு அப்பாவைக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள். ஊர்க்காரர்கள் கூடிப் பேசுகிற பக்கம் என்றாள். அதில் மெஸ்ஸின் படம், கீழே ஆமைக்கறிச் சேதி. அதற்கும் கீழே ‘ச்சீ’ என்றும் ‘நானும் கேள்விப்பட்டேன்’ என்றும் வரிசையாக.

“இத எழுதினது யாரு?”

“தெரியாது நைனா. ‘சும்மா ஜாலி’ன்னு பேரு வெச்சிக்கினு கீறான். படத்துக்கு ஒரு ரோஜாப்பூ.”

“இதுக்கு ஆபீசு எங்க கீது?”

“அமெரிக்கால.”

“அங்க கல்யாணி யாரு?”

ஜோதிக்குப் புரிந்தது. அவள் சிரிக்கவில்லை. “கல்யாணியே கெடையாது நைனா. அவனவன் நேரா அடிச்சிக்க வேண்டியதுதான். உடனே உலகம் பூரா ஓடும்.”

“அந்த ஆபீசுக்காரன் இன்னா சொல்றான்?”

“அவங்க எடம் மட்டும்தான் குடுக்கிறாங்களாம். எழுதுறதுக்கு அவங்க பொறுப்பு இல்லியாம்.” அவள் ஒரு மூலையைக் காட்டினாள். “இது பொய்யின்னு சொல்ல இங்க ஒரு பட்டன் கீது. முந்தாநாளே அமுக்கிட்டேன்.”

“அமுக்குனா யாராவது வந்து சட்டியப் பாப்பாங்களா?”

அவள் கை கீபோர்டுக்குப் போனது. “ஆமைக்கறி கெடையாதுன்னு நம்ம ஒரு பதில் போடலாமா நைனா?” என்றாள்.

“போடாத!” அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பிப் பார்த்தான். “வெரலுக்கு பதில் போட்டு நான் வாங்குனது போதும்.”

திரையில் யாரோ புதிதாக ஒரு வரி எழுதினார்கள். ‘ஆமாம், என் சித்தப்பாவும் சொன்னார்.’ உலகநாதன் அதை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார். பிறகு குனிந்தார். மேசைக்கு அடியில் ஒயர்கள் கற்றையாகத் தொங்கின. நீலமும் சாம்பலுமாக, எது எங்கே போகிறதென்று தெரியாமல். அவர் கை அந்தக் கற்றையைச் சேர்த்துப் பிடித்தது.

“பெரியவரே, இன்னா பண்றீங்க?” கல்லாவிலிருந்து கடைக்காரர் எழுந்தார்.

ஜோதி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வுடு நைனா. இந்தக் கடைக்காரரு இன்னா பண்ணுவாரு, பாவம்? அவரு வெறும் ஒயரு குடுக்கிறவருதான?”

உலகநாதன் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“இதேதாண்டி அன்னிக்கு வேதகிரியும் சொன்னான்,” என்றார். ஒயரை விடவில்லை.